நோட்டின் பின்பக்கம்: கொடுத்த பணத்தைச் சட்டப்படி திரும்பக் கேட்பது எப்படி

என் அத்தை 2014 ஜூனில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார். மாமா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கையில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். புரோ நோட்டு எழுதி வாங்கினார். ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், எல்லாம் முறையாக இருந்தன. இரண்டு வருடம் மாதம் தவறாமல் வட்டி வந்தது. அப்புறம் நின்றுபோனது. "அடுத்த மாசம் பாக்கலாம்க்கா", "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று நாள் ஓடியது. 2018 தொடக்கத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் நோட்டின் முன்பக்கத்தைப் படித்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். "பின்னாடி ஒண்ணுமே எழுதலையேம்மா" என்றார்.

அந்த வரியின் பொருள் அன்றைக்கு எங்கள் யாருக்கும் புரியவில்லை. அது புரிந்திருந்தால் அத்தை அந்த வருடம் பட்ட பாடு இருந்திருக்காது. பணம் கொடுத்தவர்களுக்கும், வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கும், சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது, அதில் வக்கீலின் வேலை எது, நம் வேலை எது என்பதைத்தான் இங்கே முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் போகிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டு நிலவரம்.

கடன் கொடுத்தவர் என்றாலே நம் மனதில் வருவது மடியில் நோட்டுப் புத்தகமும் கையில் பைக்குமாகத் திரியும் வட்டிக்காரர்தான். ஆனால் நீதிமன்றப் படியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் வேறு முகங்கள் தெரியும். மாடியை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் மருந்து வாங்கும் ஓய்வூதியர், கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக் கடைக்காரர், வேலை முடித்துக் கொடுத்துவிட்டு ஆறு மாதமாக பில்லுக்கு அலையும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர். லீஸ் என்ற பெயரில் ஐந்து லட்சம், எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்து வீட்டில் குடியிருப்பவரும் கடன் கொடுத்தவரே. அங்கே வீட்டுக்காரர்தான் கடன்காரர், அதாவது கடன் வாங்கியவர். காலி செய்யும் நாளில் அவர் பணத்தைத் தரவில்லை என்றால் குடியிருந்தவர்தான் வழக்குப் போட்டாக வேண்டும்.

சட்டம் உங்கள் பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்காது. அதைத் தேடிப் போக ஒரு பாதையைத் தரும். அந்தப் பாதையில் இரண்டு விஷயங்கள் தவறவே கூடாது: நாள், காகிதம்.

மூன்று வருடக் கணக்கு

1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்த வழக்கை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று சொல்வது அதுதான். 'கேட்கும்போது தருகிறேன்' என்று எழுதப்பட்ட சாதாரண புரோ நோட்டுக்கு மூன்று வருடம். அது நோட்டு எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். நீங்கள் எப்போது கேட்டீர்கள், அவர் எப்போது மறுத்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. பலர் தடுக்கி விழும் இடம் இது. 'இரண்டு வருடம் ஒழுங்காக வட்டி கொடுத்தாரே, அதற்கப்புறம்தானே மூன்று வருடம்?' என்றுதான் அத்தையும் நினைத்திருந்தார். வாடகை பாக்கிக்கும் மூன்று வருடம்தான், அதுவும் ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனியாக. ஐந்து வருடப் பாக்கி என்றால் முதல் இரண்டு வருடத்தை மறந்துவிட வேண்டியதுதான். சொத்தை அடமானமாக எழுதி வாங்கியிருந்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். அதற்கு 12 வருடம் உண்டு.

சரி, மூன்று வருடம் முடியப்போகிறது, வழக்குப் போடவும் மனமில்லை, என்ன செய்வது? கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடவைக்கச் சட்டமே இரண்டு வழி தருகிறது. ஒன்று, கெடு முடிவதற்குள் கடன்காரர் 'இவ்வளவு தரவேண்டியது உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. இன்னொன்று, அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைச் செலுத்தி, அதைத் தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ பதிவு செய்வது. ஊர் வழக்கில் இதற்கு 'நோட்டில் வரவு வைப்பது' என்று பெயர். நோட்டின் பின்பக்கத்தில் தேதி, தொகை, கையெழுத்து. செலுத்தியது 500 ரூபாயாக இருந்தாலும் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். எழுதுவதும் கையெழுத்திடுவதும் கடன்காரராக இருக்க வேண்டும். 'இன்று 2,000 வந்தது' என்று நீங்களே உங்கள் டைரியில் குறித்து வைத்தால் அது வெறும் டைரிக் குறிப்புதான்.

அத்தைக்கு இருபதுக்கும் மேற்பட்ட முறை வட்டி வந்திருந்தது. அதில் கடைசி முறை மட்டும், 2016-ல், பின்பக்கம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் 2019 வரை நேரம் இருந்திருக்கும். அவர் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு மனிதரிடம், மாதாமாதம் வாசலில் நின்று பணம் கொடுக்கிறவரிடம் கையெழுத்துக் கேட்க யாருக்கு மனம் வரும்? அந்தக் கூச்சம்தான் இத்தனை கடன்களை மூழ்கடிக்கிறது என்பது என் எண்ணம். கையெழுத்துக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. கொடுத்தவருக்கும் அது ரசீது, வட்டி கட்டியதற்கு அவர் கையிலும் ஓர் ஆதாரம்.

காகிதம்

புரோ நோட்டு என்பது 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி ஒரு தனி வகை ஆவணம். அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. கையெழுத்து அவருடையதுதான் என்று நிரூபித்துவிட்டால் பணம் கைமாறியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 'நான் பணமே வாங்கவில்லை' என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பலத்துக்கு ஈடாக ஒரு கண்டிப்பும் உண்டு. மற்ற பல ஆவணங்களில் முத்திரைத் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோ நோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்ப் இல்லாத நோட்டை ஆதாரமாக ஏற்கவே மாட்டார்கள். ஒரு ரூபாய் ஸ்டாம்புக்குச் சோம்பல்பட்டு ஐந்து லட்சத்தை இழக்க முடியும்.

பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள் என்பதும் முக்கியம். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கி வழியாகத்தான் போக வேண்டும். இதை வரித்துறை விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 'ஆறு லட்சம் கையில் கொடுத்தேன்' என்று நீங்கள் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது, 'அன்றைக்கு உங்களிடம் ஆறு லட்சம் எப்படி வந்தது?' என்பதுதான். அப்படிக் கேட்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு, பதில் சொல்ல முடியாதவரின் வழக்கு பலவீனமாகும் என்று 2019-ல் ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து போன பணத்துக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

இன்னொன்று. கடன் கொடுத்தவர் இறந்துபோனால் அவருக்கு வரவேண்டிய கடனை வாரிசுகள் கேட்கலாம். ஆனால் தீர்ப்பு வாங்க வாரிசுரிமைச் சான்றிதழ் வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேறு, நீதிமன்றம் தரும் இந்தச் சான்று வேறு. கடன் வாங்கியவர் இறந்துபோனால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகளிடம் கேட்க முடியும். பிள்ளையின் சொந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

செக் திரும்பினால்

புரோ நோட்டைவிட செக்கை நம்பும் காலம் இது. காரணம், செக் பவுன்ஸ் ஆனால் அது குற்றம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். இந்தப் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் எல்லாமே நாள் கணக்குதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணம் இல்லை என்று திரும்பினால் வங்கி ஒரு மெமோ தரும். அந்தத் தகவல் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதற்குள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அந்த 15 நாள் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் மனு போட வேண்டும். மனு தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அந்தச் சலுகை இல்லை. செக்கின் ஆயுள் மிச்சம் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பியதும் நோட்டீஸ் அனுப்பலாம். அது ஒன்றுதான் வழி.

நோட்டீஸில் செக்கில் உள்ள தொகையை அப்படியே எழுத வேண்டும். 2025-ல் ஒரு வழக்கில் செக் தொகை ஒன்றாகவும் நோட்டீஸில் கேட்ட தொகை வேறாகவும் இருந்தது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, நோட்டீஸே செல்லாது என்றது. வக்கீல் நோட்டீஸ் தயாரித்ததும் அவசரமாகத் தபாலில் சேர்க்காமல் ஒருமுறை செக்கைப் பக்கத்தில் வைத்து நீங்களே சரிபாருங்கள். வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகத் தரச்சொல்ல 2018 முதல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பல வழக்குகள் அந்த உத்தரவு வந்ததுமே சமரசத்துக்கு வந்துவிடுகின்றன.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்று. செக் வழக்கு நடக்கிறது என்பதற்காகக் கடனுக்கான மூன்று வருடக் கெடு நின்றுவிடாது. செக் வழக்கு குற்ற வழக்கு, பணத்துக்கான வழக்கு சிவில் வழக்கு. இரண்டும் வேறு வேறு, இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். 'செக் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று உட்கார்ந்திருந்தவருக்கு நான்காவது வருடம் செக் வழக்கு தோற்றுப்போகிறது. சிவில் வழக்கும் காலாவதியாகி நிற்கிறது. இரண்டு கதவும் மூடிவிட்டன. உங்கள் வக்கீலிடம் முதல் நாளே, 'சிவில் கெடு எந்தத் தேதியில் முடிகிறது?' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு, தீர்ப்பு, அதற்குப் பிறகு

சிவில் வழக்கு என்றால் முதலில் வக்கீல் நோட்டீஸ், பிறகு பிராது, அதாவது வழக்கு மனு. கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது, 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். ஐந்து லட்சத்துக்கு வழக்கு என்றால் 15,000 ரூபாய். புரோ நோட்டு, செக் போன்ற ஆவணங்களின் மேல் சுருக்க வழக்கு என்றும் ஒரு முறை உண்டு. அதில் எதிராளி 10 நாளுக்குள் ஆஜராகி, வாதாட அனுமதியும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஆவணம் சுத்தமாக இருந்தால் இதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

எதிராளி வரவே இல்லை என்றால் அவர் இல்லாமலே தீர்ப்பு வரும், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்பார்கள். அன்றைக்கே இனிப்பு வாங்க வேண்டாம். 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி அவர் மனுப் போடலாம். சம்மனே தனக்கு வரவில்லை என்று சொல்பவருக்கு அந்த 30 நாள், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

எல்லாம் நல்லபடி முடிந்து தீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் உண்மையான வேலை. இந்தியாவில் வழக்காடுபவனின் கஷ்டம் அவன் தீர்ப்பைப் பெற்ற பிறகுதான் ஆரம்பமாகிறது என்று 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளைக்காரர் காலத்தில் இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம், எழுதி வைத்திருக்கிறது. 150 வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், 2025-ல், நிலுவையில் உள்ள நிறைவேற்று மனுக்களின் கணக்கை எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் உச்ச நீதிமன்றம் கேட்டது. நாடு முழுவதும் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் இருந்தன. இத்தனை பேரும் வழக்கில் ஜெயித்தவர்கள். ஜெயித்தும் இன்னும் வாய்தாவுக்குப் போய்வருகிறவர்கள்.

தீர்ப்பில் உள்ள பணத்தை வாங்க நிறைவேற்று மனுப் போட வேண்டும். கோர்ட்டில் எல்லோரும் இ.பி. என்பார்கள். இதற்கு 12 வருடம் அவகாசம். சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம், சம்பளத்தில் பிடிக்கலாம். ஆனால் எதையெல்லாம் தொடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை (நம் ஊரில் தாலி), கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் ஏரும் மாடும் விதைநெல்லும், அவர் குடியிருக்கும் வீடு, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 31,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் 10,000 பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம்தான். கடன் வாங்கியவரும் மறுநாள் அடுப்பு மூட்ட வேண்டும் என்று நினைத்து எழுதப்பட்ட பட்டியல் இது. கொடுத்தவர் பக்கம் நின்று எழுதும்போதும் இது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிறை? உண்டு, மூன்று மாதம் வரை. ஆனால் பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. ஆணாக இருந்தாலும், கையில் பணம் இல்லாத ஒருவரை உள்ளே தள்ள முடியாது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆகவே வழக்குப் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'ஜெயித்தால் எங்கிருந்து வாங்குவேன்?' என்பதுதான். அவர் பெயரில் வீடு, மனை இருக்கிறதா? பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். எங்கே வேலை செய்கிறார்? எந்த வங்கியில் கணக்கு? செக் கொடுத்திருந்தால் அதிலேயே தெரியும். வழக்கு நடக்கும்போது சொத்தை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க வழி இருக்கிறது. நல்ல வக்கீல் இந்தக் கேள்விகளை முதல் சந்திப்பிலேயே கேட்பார். கேட்கவில்லை என்றால் நீங்கள் பேச்சை எடுங்கள்.

வீட்டுக்காரர்கள்

வாடகை விஷயத்தில் இன்னும் பலர் பழைய சட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1960-ம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். '11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம்' என்ற பழைய பழக்கம் சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. இந்தச் சட்டம் கேட்பது வேறு பதிவு, அதற்கு மாதக் கணக்கு இல்லை. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்தால் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது.

வாடகையும் மற்ற கட்டணங்களும் சேர்ந்து இரண்டு மாதப் பாக்கி நின்றால் காலி செய்யக் கோரலாம். முதலில் கேட்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது என்று வேறு காரணங்களும் உண்டு. எழுத்து ஒப்பந்தத்துக்கு வராமல் இருப்பதேகூட ஒரு காரணம். மனுப் போட வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம்.

செய்யவே கூடாதது, தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, வெளியே போனவர் திரும்பும் முன் பூட்டை மாற்றுவது. எத்தனை மாதப் பாக்கி இருந்தாலும் சரி. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை இந்தச் சட்டமே தடுக்கிறது. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது மோட்டார் சுவிட்சை அணைத்த ஒரே செயலால் நீங்கள் எதிர்மனுதாரராக நிற்க நேரும். ஆத்திரம் எனக்குப் புரிகிறது. வாடகையை நம்பி வாழும் வயதானவர்கள் ஆறு மாதம் ஒரு பைசா இல்லாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: மூன்றாவது மாதமே நோட்டீஸ் அனுப்புங்கள். தயவு தாட்சண்யம் பார்ப்பதாக இருந்தால் நோட்டீஸ் போன பிறகும் பார்க்கலாம்.

வங்கிக்கு உள்ள வழி வேறு

அடமானம் வைத்த வீட்டை வங்கி வந்து எடுத்துக்கொள்வதைப் பார்த்து 'நாமும் அப்படிச் செய்யலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிகளுக்கும் அதில் குறிப்பிட்ட நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் தந்த அதிகாரம் அது. 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்கு நடத்தாமலே சொத்தைக் கையகப்படுத்தலாம். அவர்களும் விவசாய நிலத்தை அந்தச் சட்டப்படி தொட முடியாது. கடன்தாரர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

சிறுதொழில் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனம் பொருளோ வேலையோ கொடுத்தால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. திருப்பூரில் தையல், காஜா, பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரர்கள் இந்தப் பதிவை வாங்கி வைப்பது நல்லது. வேலை எடுக்கும் முன்பே வாங்க வேண்டும், பணம் நின்ற பிறகு வாங்கினால் பழைய பில்லுக்கு உதவாது.

கோட்டைத் தாண்டினால்

தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் 2003-ல் தமிழ்நாட்டில் வந்தது. மூன்று வருடம் வரை சிறை. வட்டித் தொழிலாகவே செய்பவர் உரிமம் வாங்க வேண்டும் என்பது 1957-ம் ஆண்டுச் சட்டம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே, இரண்டு குழந்தைகளோடு, தீயில் கருகியது. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கடன் வசூல் பற்றி யாரும் எழுதக் கூடாது என்பது என் எண்ணம். அளவுக்கு மீறிய வட்டி வாங்குபவர், ஆள் வைத்து மிரட்டுபவர், வீட்டு வாசலில் நின்று கத்துபவர், கட்டப்பஞ்சாயத்துக்குப் போகிறவர் தன் நியாயமான அசலையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார். போலீஸ் ஸ்டேஷனும் கடன் வசூலிக்கும் இடம் இல்லை. முதலிலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்றால் மோசடிப் புகார் தரலாம். திருப்பித் தர முடியாமல் போனது மோசடி ஆகாது.

வக்கீலிடம் போகும்போது

அசல் நோட்டு, செக், வங்கி மெமோ, வங்கிக் கணக்கு விவரம், வாடகை ஒப்பந்தம், இதுவரை நடந்த கடிதங்கள், இவற்றோடு தேதி வரிசையில் நீங்களே எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கிய வட்டியை மறைக்காதீர்கள். எதிராளி கோர்ட்டில் சொல்லும்போதுதான் உங்கள் வக்கீலுக்கே அது தெரியவந்தால் வழக்கு அங்கேயே சாயும். அசல் ஆவணத்தைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, இ.பி.க்குத் தனியா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 'வசூலாவதில் 20 சதவீதம் கொடுங்கள்' என்று பேசும் வக்கீலிடம் எச்சரிக்கை தேவை. வசூலாகும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கவில்லை.

பணம் கட்டி வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. போன் எண் 15100. லோக் அதாலத் என்ற சமரச நீதிமன்றத்தை நடத்துவதும் இவர்கள்தான். அங்கே சமரசம் ஆனால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, நடந்துகொண்டிருந்த வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்தாலும் இ.பி. போட்டு அமீனாவோடு (ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர்) அலையும் வருடங்களோடு ஒப்பிட்டால் பல நேரம் அதுவே லாபம்.

அத்தையின் நோட்டுக்கு 2018-ல் இந்த வழிகள் எதுவும் உதவவில்லை. ஆனால் அந்த வக்கீல் கிளம்பும்போது ஒன்று சொன்னார். காலாவதியான கடனுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. கடன்காரர் தானாக முன்வந்து, 'அந்தக் கடனைத் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி அது செல்லுபடியாகும் புதிய உறுதிமொழி. அவரை வற்புறுத்த முடியாது, கேட்கத்தான் முடியும். அத்தை இரண்டு மாதம் யோசித்தார். அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறு வாரம் போய்க் கேட்டார். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்தார். வட்டி வேண்டாம், அசல் மட்டும், மாதம் 3,000 என்று பேசி முடித்தார்கள். நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தத் தாள் இன்னும் அத்தையின் பீரோவில் இருக்கிறது. பின்பக்கம் இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டி, அதிலும் வரிசையாகக் கையெழுத்துகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.